பெயின்டுக்குக் கீழே ஒரு ரப்பர் குழாய்

தை மாதம் உத்தர வீதிகளிலும் சித்திரை மாதம் சித்திரை வீதிகளிலும் ஸ்ரீரங்கத்தில் தேர் ஓடுகிறது. நேர் வீதியில் வடம் பிடிப்பவர்களின் பலமே தேரை இழுத்துக்கொண்டு போய்விடும். வீதி முனைக்கு வந்ததும்தான் வேலை கடினமாகிறது. தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்கடியில் கட்டையைச் செருகி, சாய்த்து, உருவி, மறுபடி செருகி, அத்தனை கனத்தையும் அங்குலம் அங்குலமாகத் திருப்புகிறார்கள். பெரிய கனத்தை இழுப்பதைவிடத் திருப்புவது எவ்வளவு சிரமம் என்பதை ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அதே வீதி முனைகளில் இன்று கார்கள் திரும்புகின்றன. புதிய கார் ஒரே கையில் திரும்பிவிடும். 1990களில் வந்த ஒரு கான்டெஸாவை, பூக்கடைக்கும் நிறுத்தியிருக்கும் ஆட்டோவுக்கும் நடுவில், நின்ற இடத்திலேயே ஒடித்துத் திருப்ப வேண்டுமென்றால் ஓட்டுகிறவரின் கைப்பலம் மட்டும் போதாது. எஞ்சின் பக்கமிருந்தும் ஒரு பலம் வந்து சேர வேண்டும். அதைச் சுமந்து வருவது கட்டைவிரல் பருமனில் ஒரு ரப்பர் குழாய். மெக்கானிக்குகள் அதை பவர் ஸ்டீயரிங் ஹோஸ் என்கிறார்கள்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் பெயின்டுக்குச் செலவழிக்கிறார்கள். குரோம் பூச்சுக்கும் சீட் துணிக்கும் ஊர் ஊராக அலைகிறார்கள். பானெட்டுக்குக் கீழே, ரேடியேட்டருக்குப் பின்னால் மறைந்திருக்கும் இந்தக் குழாயை மட்டும் அது வெடிக்கிற நாள்வரை யாரும் கவனிப்பதில்லை. காரின் மற்ற பாகங்கள் ஓடி ஓடித் தேய்கின்றன. ரப்பரோ ஓடாமல் நின்றாலும் கெடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டிக்கு, தினமும் ஓடும் வண்டியைவிட இந்த ஹோஸைப் பற்றிய கவனம் கூடுதலாக வேண்டும்.

எண்ணெய் பிடித்துக் கொடுக்கும் கை

ஸ்டீயரிங்குக்கு எண்ணெய் அழுத்தத்தைத் துணைக்கு அழைக்கலாம் என்று செய்து காட்டியவர் ஃபிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். பியர்ஸ் ஆரோ நிறுவனத்தில் லாரிப் பிரிவில் வேலை பார்த்தவர். கனரக வண்டிகளை ஒடிக்க ஓட்டுநர்கள் படும் பாட்டை நேரில் கண்டு, வேலையை விட்டு விலகி, சொந்தப் பட்டறையில் உழைத்தார். 1926-ல் பியர்ஸ் ஆரோ கார் ஒன்றில் தன் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். கார் கம்பெனிகளுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் செலவு பயமுறுத்தியது. இரண்டாம் உலகப் போரில் ராணுவ வண்டிகளுக்குப் பயன்பட்ட பிறகு, 1951-ல் கிறைஸ்லர் நிறுவனம் தன் இம்பீரியல் காரில் பவர் ஸ்டீயரிங்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் டேவிஸின் ஆரம்பக் காப்புரிமைகள் காலாவதியாகியிருந்தன.

இந்தியச் சாலைகளுக்கு அந்தச் சொகுசு மெதுவாகவே வந்தது. அம்பாசிடர் தன் நீண்ட ஆயுளின் பெரும்பகுதியைக் கைப்பலத்தால் ஒடிக்கும் ஸ்டீயரிங்குடனேயே கழித்தது. பிந்தைய மாடல்களில்தான் பவர் ஸ்டீயரிங் கிடைத்தது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அந்தக் காரின் உற்பத்தியை நிறுத்தியது 2014 மே மாதம். அதே தொழிற்சாலையில் 1984-ல் பிறந்தது கான்டெஸா. பிரிட்டனின் வாக்ஸால் விக்டர் காரின் உருவம், முதலில் அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின். அந்த நீளமான உடம்பை இழுக்க அது திணறியது. பிறகு ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் வந்தபோதுதான் கான்டெஸா கிளாசிக் தனக்குரிய மரியாதையைப் பெற்றது. அதன் உயர் ரகங்களில் பவர் ஸ்டீயரிங்கும் சேர்ந்தது. 2002-ல் உற்பத்தி நின்றது. புனேயில் 1995 முதல் தயாரான மெர்சிடிஸ் டபிள்யூ124, அதற்கு முன்பே இறக்குமதியாகி வந்திருந்த டபிள்யூ123 ஆகியவையும் இன்று தமிழ்நாட்டில் ஆசையாக வைத்துக் காப்பாற்றப்படும் பவர் ஸ்டீயரிங் கார்கள்.

திருச்சிக்கு இந்த வரலாற்றில் சொந்தமாகவே ஒரு பங்கு உண்டு. மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் விராலிமலையை ஒட்டிய பூதகுடியைச் சுங்கச்சாவடியால் பலருக்குத் தெரியும். அங்கேதான் ரானே குழுமத்தின் பவர் ஸ்டீயரிங் தொழிற்சாலை இருக்கிறது. அமெரிக்காவின் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்துடன் கூட்டாக 1987-ல் உருவான கம்பெனி அது. லாரிகளுக்கும் பஸ்களுக்கும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் செய்து கொடுத்தது. முன்காலத்து பஸ் ஓட்டுநர்கள் எழுந்து நிற்காத குறையாக ஸ்டீயரிங்கை வளைத்ததைப் பார்த்தவர்களுக்கு, அந்தத் தொழிற்சாலை எத்தனை தோள்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பது புரியும்.

இரண்டு குழாய், இரண்டு குணம்

அமைப்பு எளிமையானது. எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்த ஒரு பம்ப். அதற்கு எண்ணெய் கொடுக்க ஒரு டப்பா. கீழே ஸ்டீயரிங் பெட்டி. பம்ப்பிலிருந்து பெட்டிக்கு எண்ணெய் கொண்டுபோக ஒரு குழாய், வேலை முடிந்த எண்ணெய் டப்பாவுக்குத் திரும்ப இன்னொரு குழாய். முதலாவது பிரஷர் ஹோஸ், இரண்டாவது ரிட்டன் ஹோஸ்.

பார்வைக்கு இரண்டும் கறுப்பு ரப்பர்தான். உள்ளே ஓடும் அழுத்தத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். வண்டி நேராக ஓடும்போது பிரஷர் ஹோஸில் சில பார் அழுத்தம்தான் இருக்கும். ஸ்டீயரிங்கை ஒடித்ததும், பெட்டிக்குள் இருக்கும் வால்வு எண்ணெயை ஒரு பக்கமாகத் திருப்புகிறது. அழுத்தம் ஏறுகிறது. கடைசிவரை ஒடித்துப் பிடித்தால் வண்டியைப் பொறுத்து 70 முதல் 100 பார் வரை போகும். பி.எஸ்.ஐ. கணக்கில் ஆயிரத்தைத் தாண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 30 பி.எஸ்.ஐ. சுற்றளவில்தான் இருக்கிறது. டயரைவிட முப்பது, நாற்பது மடங்கு அழுத்தத்தை அந்தக் குழாய் தாங்குகிறது. ரிட்டன் ஹோஸில் அந்த அளவுக்கு அழுத்தமே கிடையாது. ஒரு சாதாரண ஸ்குரூ கிளிப் அதைப் பிடித்துக்கொள்ளும்.

பிரஷர் ஹோஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பம்ப் எண்ணெயைச் சீராக ஊற்றுவதில்லை, துடித்துத் துடித்துத் தள்ளுகிறது. அந்தத் துடிப்பு அப்படியே போனால் ஸ்டீயரிங் உறுமும், கையில் நடுக்கம் தெரியும். நைலான் போன்ற இழைகளைப் பின்னிச் செய்த ஹோஸ் ஒவ்வொரு துடிப்புக்கும் இம்மி அளவு உப்பி, அந்த அதிர்ச்சியைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. தலைச்சுமைக்குச் சும்மாடு எப்படியோ, பம்ப்புக்கு இந்த ஹோஸ் அப்படி. சில கார்களின் ஹோஸுக்குள் துடிப்பை அடக்கவென்றே மெல்லிய உட்குழாய் ஒன்றும் வைத்திருப்பார்கள். வெளியே பார்த்தால் அது தெரியாது.

ரப்பர் எப்படிச் சாகிறது

ஹோஸின் உள்சுவர் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். எண்ணெயைத் தாங்கும். அதன் மேல் இழைப் பின்னல். அதற்கும் மேல் வெயிலையும் வெப்பத்தையும் தாங்கும் மேலுறை. இந்த மூன்றும் சேர்ந்து உழைக்கும்வரை கவலையில்லை.

வெப்பம்தான் முதல் எதிரி. வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் ரப்பர் மூப்படையும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது ரப்பர் தொழிலில் உள்ளவர்கள் கையாளும் பொதுக் கணக்கு. திருச்சியில் கத்திரி வெயில் காலத்தில் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. சத்திரம் பஸ் நிலைய நெரிசலிலோ மாம்பழச்சாலை சிக்னலிலோ ஊர்ந்துகொண்டிருக்கும் காரின் பானெட்டுக்குள், எக்ஸாஸ்ட் குழாயின் அருகில், அந்தச் சூடு பன்மடங்காகிறது. காற்றோட்டமும் இல்லை. அதே நேரத்தில் ஸ்டீயரிங்கை அடிக்கடி ஒடிக்க வேண்டியிருப்பதால் எண்ணெயும் கொதிப்பேறுகிறது.

நின்ற வண்டிக்கு வேறு வகைத் துன்பம். ரப்பரை இளக்கமாக வைத்திருக்கும் பொருட்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல வெளியேறுகின்றன. குழாய் விறைக்கிறது. காற்றிலுள்ள ஓசோன், வளைந்து இழுபட்டிருக்கும் பகுதியில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்குகிறது. பிறகு எலி. ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் கூடு கட்டி, ஒயரையும் ஹோஸையும் கடித்து வைப்பதில் எலிக்கு நிகர் எதுவும் இல்லை.

ஹோஸ் பெரும்பாலும் நட்டநடுவில் விடுவதில்லை. ரப்பர் இரும்பு முனைக்குள் நுழையும் இடத்தில், அழுத்திப் பிடித்திருக்கும் கழுத்துப் பட்டையின் ஓரத்தில்தான் முதல் கசிவு தொடங்கும். அங்கே எண்ணெய் படிந்து தூசி ஒட்டியிருந்தால் அந்த ஹோஸுக்கு நாள் எண்ணத் தொடங்கலாம்.

வண்டி முன்கூட்டியே சொல்லும்

பெரும்பாலான ஹோஸ்கள் அறிவிப்பில்லாமல் வெடிப்பதில்லை. காலையில் வண்டியை எடுத்ததும் ஒடித்தால் ‘ஊம்ம்’ என்று ஒரு முனகல். டப்பாவைத் திறந்தால் எண்ணெய் நுரைத்திருக்கும். ரிட்டன் பக்கமோ பம்ப்புக்கு எண்ணெய் இறங்கும் பக்கமோ கிளிப் தளர்ந்து காற்று நுழைகிறது என்பதற்கு அது அடையாளம். எண்ணெய் அளவு மாதாமாதம் குறைந்தால் எங்கோ கசிகிறது.

இரவில் வண்டிக்கடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்துவைத்தால் காலையில் நிறமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பவர் ஸ்டீயரிங்கில் பல பழைய கார்கள் ஏ.டி.எஃப். எனப்படும் ஆட்டோமேடிக் கியர் எண்ணெயைத்தான் பயன்படுத்துகின்றன. அது சிவப்பு. பழசானால் பழுப்பாகும். எஞ்சின் ஆயில் கறுப்பு. ரேடியேட்டர் கூலன்ட் பெரும்பாலும் பச்சை.

கசிவைத் தேடும்போது ஒரு தவறை யாரும் செய்யக் கூடாது. எஞ்சின் ஓடும்போது ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித் துளை வழியாகப் பீறிடும் உயர் அழுத்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகத் தொடங்கும். விரலையே எடுக்க வேண்டிய நிலைகூட வரும். அப்படி நேர்ந்தால் வலி இல்லையென்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஹோஸைச் சோதிக்க ஒரு அட்டைத் துண்டு போதும்.

இன்னொரு ஆபத்து தீ. இந்த எண்ணெய் எரியக்கூடியது. வெடித்த ஹோஸிலிருந்து தூவானமாகத் தெறிக்கும் எண்ணெய், பழுக்கக் காய்ந்த எக்ஸாஸ்ட் மேனிபோல்டு மீது விழுந்தால் பற்றிக்கொள்ள வாய்ப்புண்டு. ஸ்டீயரிங்கின் இரும்பு இணைப்பு அறுபடுவதில்லை என்பதால் ஹோஸ் போனாலும் வண்டியைத் திருப்ப முடியும். ஆனால் அதுவரை இலகுவாக ஒடிந்த சக்கரம் திடீரென்று கல்லாக மாறும்போது, காவிரிப் பாலத்தில் பக்கத்து வரிசையில் பஸ் வந்துகொண்டிருந்தால், ஓட்டுகிறவருக்கு யோசிக்க நேரம் இருக்காது.

ஜே.சி.பி.க்கு ஹோஸ் அடிக்கும் கடையில்

கான்டெஸாவுக்கு ஒரிஜினல் பிரஷர் ஹோஸ் வேண்டுமென்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். கம்பெனியே கார் செய்வதை விட்டுவிட்ட பிறகு ஹோஸ் எங்கிருந்து வரும்? கிடங்கில் கிடந்த பழைய சரக்கு கிடைத்தாலும் சந்தோஷப்பட அவசரப்படக் கூடாது. அட்டைப்பெட்டி பிரிக்காத ஹோஸாக இருந்தாலும் இருபது வருடம் பழைய ரப்பர் இருபது வருடம் பழைய ரப்பர்தான். பல ஹோஸ்களின் மேல் தயாரித்த ஆண்டோ காலாண்டோ அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

மெர்சிடிஸ்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. பழைய மாடல்களுக்கும் பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. விலைதான் கடிக்கும்.

மற்றவர்களுக்கு வழி காட்டுவது கார் உலகத்துக்கு வெளியே இருக்கும் ஒரு கடை. ஜே.சி.பி., போர்வெல் லாரி, டிப்பர் ஆகியவற்றின் ஹைட்ராலிக் ஹோஸ்களை அளவெடுத்து வெட்டி, முனை போட்டு, மெஷினில் அழுத்திக் கொடுக்கும் கடைகள் தொழில் நடக்கும் ஊர்களில் எல்லாம் உண்டு. திருச்சியைப் போன்ற ஊருக்கு இது அந்நியமான வேலையே இல்லை. 1965-ல் திருவெறும்பூரில் தொடங்கிய பெல் தொழிற்சாலையின் பெயரே உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை. அதை நம்பித் துவாக்குடிப் பக்கம் எத்தனையோ சிறு பட்டறைகள் வளர்ந்தன. குழாயில் அழுத்தம் ஏற்றிச் சோதிப்பது, வெல்டிங்கில் ஊசித் துளைகூட இல்லாமல் பார்ப்பது எல்லாம் இந்த வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்ததும் இதே திருச்சி பெல்தான்.

கடைக்குப் போகும்போது பழைய ஹோஸை முழுதாகக் கழற்றி, வளைவு மாறாமல் கொண்டுபோக வேண்டும். முனையிலுள்ள இரும்புக் குழாய் அந்தக் காருக்கென்றே வளைத்தது. அது கிடைக்காது. ஆகவே கழுத்துப் பட்டையை அறுத்து எடுத்து, பழைய இரும்பு முனையைக் காப்பாற்றி, நடுவில் புதிய ரப்பரைப் போடுவதே நடைமுறை. முனையில் பற்றவைக்க வேண்டியிருந்தால் அது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய பிரேசிங் வேலை.

கடைக்காரரிடம் சொல்ல வேண்டியவை நான்கு. எண்ணெய் என்ன வகை, அழுத்தம் எவ்வளவு, சூடு எவ்வளவு, உள்விட்டம் எவ்வளவு. பவர் ஸ்டீயரிங்குக்கென்றே செய்யப்படும் பிரஷர் ஹோஸுக்கு எஸ்.ஏ.இ. ஜே188 என்ற தரம் இருக்கிறது. ரிட்டன் ஹோஸுக்கு ஜே189. அவை கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். கிடைக்காத இடத்தில் கடைக்காரர் எடுத்துக் காட்டுவது 100ஆர்1 எனப்படும் ஒற்றைக் கம்பிவலை ஹோஸாக இருக்கும். 3/8 அங்குல அளவில் அது சுமார் 180 பார் அழுத்தத்தைத் தாங்கும். வேலை அழுத்தத்தைப்போல் நான்கு மடங்கு ஏறினால்தான் வெடிக்க வேண்டும் என்பது இந்த வகை ஹோஸ்களுக்கான விதி. பலத்தில் குறையே இல்லை.

குறை வேறு இடத்தில். கம்பிவலை உப்பாது. ஆகவே பம்ப்பின் துடிப்பு அடங்காமல் ஸ்டீயரிங்குக்கு வந்து சேரலாம், முன்பில்லாத ஒரு உறுமல் கேட்கலாம். சாதாரண நைட்ரைல் ஹைட்ராலிக் ஹோஸுக்கு 100 டிகிரி வெப்பம்தான் எல்லை. எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் போகும் ஹோஸாக இருந்தால் அதைவிடச் சூடு தாங்கும் ரகத்தைக் கேட்டு வாங்குவதும், வெப்பத் தடுப்பு உறை போடுவதும் அவசியம்.

எந்தக் காரணத்தாலும் ஒப்புக்கொள்ளக் கூடாத வேலைகளும் உண்டு. பிரஷர் பக்கத்தில் பெட்ரோல் ஹோஸ் போட்டு இரண்டு கிளிப் இறுக்குவது, வெடித்த இடத்தை வெட்டி நடுவில் இணைப்புக் குழாய் வைப்பது, ரேடியேட்டர் ரப்பரை ரிட்டனுக்குச் செருகுவது. தண்ணீருக்கான ரப்பர் எண்ணெயில் ஊறிப் பஞ்சாகிவிடும். ‘ஊர் போய்ச் சேரும்வரை’ என்று போட்ட ஹோஸ் பல வண்டிகளில் வருடக்கணக்கில் அப்படியே இருக்கிறது. அந்த வண்டியை வாங்கிய அடுத்த உரிமையாளருக்கு அது தெரியவும் தெரியாது.

மாற்றும் வேலை

முன்சக்கரங்களைத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை நீட்டுவது உயிரோடு விளையாட்டு. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். எதையும் கழற்றுமுன் ஹோஸ் எதற்கு மேலே, எதற்குக் கீழே, எந்தக் கிளிப் வழியாகப் போகிறது என்று செல்போனில் நாலு படம் எடுத்து வைத்துக்கொள்வது பிறகு பெரிய உதவி.

டப்பாவில் உள்ள எண்ணெயை ஊசி மருந்துக் குழல் போன்ற ஒன்றால் உறிஞ்சி எடுத்துவிட்டால் தரையெல்லாம் ஒழுகாது. இருபது, முப்பது வருடம் அசையாத நட்டுகளுக்கு முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். சாதாரண ஸ்பேனர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். நட்டைச் சுற்றிலும் பிடிக்கும் பிளேர் நட் ஸ்பேனர்தான் இதற்குரிய கருவி. பிரிட்டிஷ் வழி வந்த பாகத்தில் அங்குல மரையும் ஜப்பான் வழி வந்த பாகத்தில் மெட்ரிக் மரையும் இருக்கலாம் என்பதால், பொருந்தாத நட்டை வற்புறுத்தி ஏற்றினால் பம்ப்பே கெட்டுப்போகும்.

ஹோஸைக் கழற்றியதும் திறந்த துவாரங்களைச் சுத்தமான மூடியால் அடைக்க வேண்டும். உள்ளே போகும் ஒரு மணல் துகள் பம்ப்பின் தகடுகளைக் கீறும். பேஞ்சோ போல்ட் உள்ள இணைப்பாக இருந்தால் இரண்டு பக்கமும் புதிய காப்பர் வாஷர் போட வேண்டும். ஓ-ரிங்கும் புதிதாக வேண்டும். வாஷரில் மிச்சம் பிடித்து, அதன் காரணமாகவே மறுநாள் முழு வேலையையும் திரும்பச் செய்தவர்கள் அநேகம்.

புதிய ஹோஸைக் கையால் சில மரை ஏற்றி, எல்லாப் பக்கமும் இயல்பாக அமர்ந்த பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். ஹோஸின் நீளவாக்கில் அச்சடித்த கோடு முறுக்கிக்கொண்டிருந்தால் ஹோஸும் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முறுக்கிய ஹோஸ் சீக்கிரம் தளரும். 3/8 அங்குலக் கம்பிவலை ஹோஸை 130 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது. எஞ்சின் ஆடும், சக்கரம் திரும்பும். அந்த அசைவில் ஹோஸ் இழுபடாமலும் எதிலும் உரசாமலும் இருக்கிறதா என்று ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

பிரஷர் ஹோஸை மட்டும் மாற்றிவிட்டு ரிட்டனை விட்டுவைப்பது வீண் சிக்கனம். இரண்டும் ஒரே வயது.

அடுத்தது ஏர் எடுப்பது. டப்பாவை நிரப்பி, எஞ்சினை இயக்காமலே ஸ்டீயரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை மெதுவாக இருபது முறையாவது ஒடிக்க வேண்டும். எண்ணெய் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குமிழி நின்ற பிறகு எஞ்சினை இயக்கி, மறுபடி மெதுவாக ஒடிக்க வேண்டும். கடைசி வரை ஒடித்து ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. அந்த நிலையில் எண்ணெய் போக வழியின்றிப் பம்ப்புக்குள்ளேயே சுழன்று சூடாகும். பொறுமை இல்லாத மெக்கானிக் இந்த ஒரு கட்டத்தில்தான் பம்ப்பைக் கெடுக்கிறார்.

எண்ணெயைப் பொறுத்தவரை காரின் கையேட்டில் சொன்ன வகை மட்டுமே. பிரேக் ஆயிலைத் தெரியாமல் ஊற்றிவிட்டால் பவர் ஸ்டீயரிங்கின் நைட்ரைல் சீல்கள் ஊதிக் கெடும். தலைகீழாக, ஸ்டீயரிங் எண்ணெய் பிரேக் டப்பாவுக்குள் போனால் பிரேக்கின் ரப்பர்கள் போய்விடும். இரண்டு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வண்டிகளில் மூடியின் மேல் பெயரை எழுதி வைப்பது நல்லது.

பழையதைக் காப்பாற்றும் ஊர்

பழைய இயந்திரத்தை ஓட வைத்துக்கொண்டிருப்பதில் திருச்சிக்கு ஒரு முன்னுதாரணம் கண் முன்னாலேயே இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து இடம் மாறி 1928-ல் இயங்கத் தொடங்கிய பொன்மலை ரயில்வே பணிமனை, நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களை இன்றும் பராமரிக்கிறது. பாகம் கிடைக்கவில்லை என்று அங்கே யாரும் கைவிரித்ததில்லை. பாகத்தைச் செய்தார்கள். 2011 முதல் புதிய எக்ஸ் வகை எஞ்சின்களையே கட்டி மலைக்கு அனுப்பினார்கள். அழகுக்காக வைத்திருக்கும் எஞ்சினாக இருந்திருந்தால் பெயின்ட் போதும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேற வேண்டிய எஞ்சின் என்பதால் ஒவ்வொரு குழாயும் கணக்கில் வந்தது.

பழைய கார்களையும் அரசு இப்போது தனியாகக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, உருமாற்றம் செய்யாத வண்டிகளை ‘வின்டேஜ்’ என்று பதிந்துகொள்ளலாம். எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்ற காரியங்களுக்கு மட்டும் ஓட்டலாம், அன்றாடப் பயணத்துக்கு அனுமதி இல்லை. 1984-ல் பதிவான முதல் கான்டெஸாக்கள் அந்த வயதைத் தொடுவது 2034-ல். அதுவரை அவை மற்ற கார்களைப் போலவே பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பித்து, தகுதிச் சோதனையில் தேறி ஓட வேண்டியவை. தேறிய வண்டியின் ஹோஸ் அடுத்த சோதனை வரை தாங்குமா என்பதை உரிமையாளர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கான்டெஸா ஹோஸுக்கு வரைபடமும் கிடைக்காது, பாக எண்ணைச் சொன்னாலும் சரக்கு வராது என்ற நிலையில், கழற்றிய பழைய ஹோஸே அடுத்த ஹோஸுக்கான அளவு. அதை எடைக்குப் போடாமல், துடைத்து, ஒரு அட்டையில் வண்டியின் மாடல், ஹோஸின் நீளம், உள்விட்டம், இரண்டு முனைகளின் மரை அளவு, புதிய ஹோஸ் அடித்த கடை, தேதி, கிலோமீட்டர் எல்லாவற்றையும் எழுதிக் கட்டி ஷெட்டில் மாட்டி வைக்கலாம். புதிய ஹோஸ் போட்ட முதல் வாரத்தில் இருமுறை, பிறகு ஒவ்வொரு எஞ்சின் ஆயில் மாற்றத்தின்போதும், கழுத்துப் பட்டையின் ஓரத்தை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மேலுறையில் வெடிப்பு, உப்பல், பிசுபிசுப்பு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த அட்டையோடு பழைய ஹோஸை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. காரையே விற்க நேர்ந்தால் சாவியோடு அதையும் கொடுத்தனுப்பினால், வாங்குகிறவர் தேடி அலைய வேண்டியிருக்காது.